நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

டர்பனின் தெற்கே, மெர்பேங்கில்,
சுத்திகரிப்பு ஆலையின் நாற்றம் வந்து முட்டும் தெருவில்
காது பார்ப்பது என் வேலை.
வெல்டர்கள், தகடு வெட்டுகிறவர்கள், கிரேன் ஓட்டிகள்
வருடத்துக்கொருமுறை என் பெட்டிக்குள் உட்காருவார்கள்.
டெலிபோன் பூத் அளவு. சுவரெல்லாம் பஞ்சு.
ஒலி கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்பேன்.
பலர் கேட்காத ஒலிக்கும் அழுத்துவார்கள்.
வேலை போய்விடுமே.

நாலரைக்குப் பிறகு பெட்டி எனக்கு.
கதவைச் சாத்தி, சோதனை ஹெட்போனையே மாட்டிக்கொள்வேன்.
பின்லாந்து, போலந்து, பிரேசில்,
கத்தத் தெரிந்த தேசமெல்லாம் ஒவ்வொன்றாய் உள்ளே வரும்.
கேட்டதை, பாழாய்ப்போன ஆடியோகிராம் தாள்களின்
பின்பக்கத்தில் எழுதிவைப்பேன்.

பிப்ரவரி, புதன்.
ஏழு பாட்டு, முப்பத்தொரு நிமிடம்.
டிரம்ஸ்காரனுக்குக் கால் இரண்டா, நாலா?
தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிறது என்று நினைத்தேன்.
இல்லை, ஆலங்கட்டிமேல் கூரை விழுகிறது.
பாடுகிறவன் வாயில் உயிரெழுத்து ஒன்றுகூட இல்லை.
க்ச்ட்த்ப்ற்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
புள்ளி வைக்க மறந்ததற்கு என் விரலில் அடி விழும்.
இவன் ஒரு புள்ளியையும் மறக்கவில்லை.
உயிர் நீங்கிய மெய்யெல்லாம்
வரிசையில் நின்று பல்லைக் கடிக்கிறது.

அதே வாரம். மழை.
ஒரே பாட்டு, நாற்பது நிமிடம்.
ஒரு சுரம்; அதன்மேல் ஒரு லாரி மண்.
பதினெட்டாவது நிமிடத்தில் அடுத்த சுரம்.
அழுதேன்.
ஏனென்று எழுதத் தாளில் இடமில்லை.

ஏப்ரல். மோசம்.
சாத்தானைப் பற்றி இவ்வளவு பாடுகிறவர்கள்
வாடகைப் பாக்கியைப் பற்றி ஒன்று பாடட்டும்.

மே. ஆல்பம் இல்லை.
என் காதை நானே சோதித்தேன்.
கோடு நேராக ஓடி
நாலாயிரம் ஹெர்ட்ஸில் சட்டென்று பள்ளத்தில் இறங்கி
எதுவும் நடக்காததுபோல் ஏறிப் போகிறது.
வெல்டர்களின் பள்ளம். அச்சு அசல்.
தொழில் காரணமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.
இரண்டையும் விட்டுவிட்டேன்.

ஜூனில் டெரன்ஸ் சின்னப்பன் வந்தார்.
பாய்லர் வேலை, வயது நாற்பத்தொன்று,
நஷ்டஈட்டுக்கு மூன்றாவது சோதனை.
வலது காதில் எழுபது டெசிபல்வரை இருட்டு.
பாதியில் மின்வெட்டு. இரண்டு மணி நேரத்துக்கு.
சும்மா உட்கார்ந்திருந்தோம்.
நீ என்ன கேட்பாய் என்று கேட்டார்,
காது கேட்காதவர்களின் பெரிய குரலில்.

பேட்டரி ஸ்பீக்கரை அவர் மடியில் வைத்து
அந்த ஏழு பாட்டுக்காரர்களை ஓடவிட்டேன்.
இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டார்,
சூடான தட்டைப் பிடிப்பதுபோல.
இரண்டாம் பாட்டில் தலையாட்டினார்.
மூன்றாவதில், "மூணாம் நம்பர் பாய்லர்" என்றார்.
"குளிர்காலத்தில் முதல் தடவை பற்றவைக்கும்போது."
ஐந்தாவதில், டிரம்ஸ் சட்டென்று அறுந்து
நாலு நொடி ஒன்றுமே இல்லாத இடத்தில்
எழுந்து நின்றுவிட்டார்.
"இப்போ ஓடணும்."
ஸ்பீக்கர் தரையில் உருண்டது.
பாட்டு மறுபடி தொடங்கியது அவருக்குத் தெரியாது.
கதவைப் பிடித்தபடி நின்றார்.
பிறகு சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

இருட்டில் கைக்குக் கிடைத்த தாளில் எழுதினேன்:
மூணாம் நம்பர் பாய்லர். ஐந்தாவதில் ஓடணும்.
பத்துக்கு ஒன்பதரை.

அது அவருடைய தாள் என்பது
பிரிட்டோரியாவுக்குத் தபாலில் போனபின்தான் தெரிந்தது.

செப்டம்பரில் திரும்பி வந்தது.
முன்பக்கத்தில் சிவப்பு முத்திரை:
சோதனை முழுமையில்லை, மறுபடி செய்யவும்.
பின்பக்கத்தில், என் எழுத்துக்குக் கீழே,
யாரோ பென்சிலில், அழித்துவிடலாம் என்ற அளவுக்கு லேசாக:
எந்த ஆல்பம்?